பத்தடிக் கல்வெட்டு

ஓடைக்காட்டுப்புதூருக்கு ஒரு பாலம் வேண்டும் என்பதை இதுவரை யாரும் மறுத்ததே இல்லை. கிழக்குக் கரை ஊராட்சிக்காரர்கள் கட்டாயம் வேண்டும் என்று சொல்லி மேற்கே கையைக் காட்டினார்கள். மேற்குக் கரை ஊராட்சிக்காரர்களும் கட்டாயம் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் கை கிழக்கே நீண்டது. இப்படிக் கையைக் காட்டியே இருபத்தாறு வருஷம் போய்விட்டது.

பத்தடி அகலம், ஆளுயரப் பள்ளம், அவ்வளவுதான் அந்த ஓடை. வருஷத்தில் எட்டு மாதம் காய்ந்து கிடக்கும், இறங்கி ஏறிக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் நாற்பத்து மூன்று வீடும் அக்கரையில் மாட்டிக்கொள்ளும். தார் ரோடு, பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இக்கரையில். போன ஐப்பசியில் பொன்னாயிக்கு இடுப்புவலி கண்டபோது ஆம்புலன்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்து, ரோட்டில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. நாலு பேர் கயிற்றுக் கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினார்கள். நடு ஓடையில் ஒருவருக்குக் கால் சறுக்கியது. பொன்னாயி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அதனால்தான், இளம்பிள்ளை என்ற ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள் அன்புச்செல்வி சித்திரையில் போன் போட்டு, "அம்மா, முழுகாம இருக்கறேன்" என்றதும் சென்னியம்மாள் சிரிப்பதற்கு முன்னால் விரலை மடக்கினாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். எண்ணிக்கொண்டே போன விரல் பாழாய்ப்போன ஐப்பசியில் வந்து நின்றது.

சென்னியம்மாளுக்குக் கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிற வேலை. முட்டையை விளக்குக்கு நேரே காட்டிக் கீறல் விட்டதை ஒரு பக்கம், ரத்தப்பொட்டு உள்ளதை ஒரு பக்கம், நல்லதை அட்டையில் என்று பதினெட்டு வருஷமாகப் பிரிக்கிறாள். ஒரு அட்டைக்கு முப்பது முட்டை. அரை நிமிஷம் கூட ஆகாது. தப்பாகப் பிரித்தால் நாமக்கல்லில் இருந்து லாரி ஏறிய முட்டை திரும்பி வந்து அவள் தலையில்தான் விடியும்.

முட்டை ஏற்ற வந்த லாரிக்காரர் ஒருவர்தான் அந்த நோட்டீசைக் கொடுத்தார். குருமூர்த்தி கருணை அறக்கட்டளை, ஊர் மேம்பாட்டுத் திட்டங்களுக்கு நன்கொடை வழங்குகிறது. தகுதியான ஊர்களை ஏழு நடுவர்கள் கொண்ட குழு தேர்ந்தெடுக்கும். குருமூர்த்திக்குப் பதினோரு கோழிப்பண்ணை, மூன்று விடுதிப் பள்ளிக்கூடம். 'முட்டைச் செம்மல்' என்று ஒரு பட்டமும் உண்டு. கொடுத்தது அவருடைய பள்ளிக்கூடம்தான்.

விண்ணப்பம் இருபத்து நாலு பக்கம். சித்திரைக்கு ஊருக்கு வந்திருந்த அன்புச்செல்வி உட்கார்ந்து நிரப்பினாள்.

"திட்டத்தின் புதுமை என்னன்னு கேக்குதும்மா."

"பாலம்னு எழுது கண்ணு."

"பாலம் புதுமை இல்லியேம்மா. எல்லா ஊர்லயும் இருக்குது."

"நம்மூர்ல இல்லியே. எங்களுக்குப் புதுசுங்கன்னு எழுது."

"பத்தாண்டுகளுக்குப் பிறகு இத்திட்டம் எங்கே இருக்கும்?"

சென்னியம்மாள் மகளை ஒரு பார்வை பார்த்தாள். "ஓடை மேலதான் இருக்கும். பின்ன எங்க போகும்?"

அதையும் அப்படியே எழுதினார்கள். மூன்று சிமெண்டுக் குழாய், அதன்மேல் கொஞ்சம் கான்கிரீட். கேட்டது இவ்வளவுதான்.

வைகாசியில் நாமக்கல்லுக்கு நேர்காணலுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. ஒரு ஊருக்கு மூன்று நிமிஷம். உடன், பாதிக்கப்பட்ட ஒருவரையும் அழைத்து வரவேண்டும் என்று போட்டிருந்தது. சென்னியம்மாள் தயங்கித் தயங்கிப் பொன்னாயியைக் கேட்டாள். பொன்னாயி அந்த நாளைப் பற்றி வீட்டில்கூட வாயைத் திறந்தது கிடையாது. பக்கத்தில் நின்ற அன்புச்செல்வியின் வயிற்றைப் பார்த்தாள். "வாரேன் அக்கா" என்றாள்.

குளிரூட்டின கல்யாண மண்டபம். காலை பத்து மணிக்கு நடுவர் அறிமுகம் தொடங்கியது. ஒவ்வொரு நடுவருக்கும் பொன்னாடை, மாலை, வாழ்க்கை வரலாறு, குறும்படம். நாலாவது நடுவர் பிறந்து பள்ளிக்கூடத்தில் சேர்வதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிட்டது. ஏழாவது நடுவர் குருமூர்த்தியின் மகன் நவீன்குமார். வெளிநாட்டில் நிர்வாகம் படித்துவிட்டு வந்தவர். "நான் அறிமுகத்தை விரும்பாதவன்" என்று அவர் சொன்னதைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார்கள்.

நேரமாகிவிட்டதால் ஊர்களுக்கு மூன்று நிமிஷத்தை ஒன்றரை ஆக்கினார்கள். முதலில் வந்த ஊர், நுழைவாயிலில் முட்டை வடிவத்தில் வண்ண விளக்குப் போட்ட நீரூற்று கேட்டது. அந்த ஊரில் குடிதண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வருகிறது. நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டாவது ஊர், ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் வைத்து அதன்முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு மேடை கேட்டது. மூன்றாவது சென்னியம்மாள்.

"ஏனுங்க, எங்கூர் ஓடைக்கு ஒரு பாலம் வேணுமுங்க" என்றாள். இன்னும் ஒரு நிமிஷத்துக்கு மேல் மிச்சம் இருந்தது.

நடுவர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் மதியழகன் கண்ணாடியைக் கழற்றினார். "பாலம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை அம்மா. அதை நாங்கள் செய்தால் அரசாங்கத்தை அவமதித்ததாக ஆகும். அரசாங்கம் நினைத்தே பார்க்காத ஒன்றைச் செய்வதுதான் எங்கள் நோக்கம்."

"எங்கூரை அரசாங்கம் நெனச்சே பாக்கலீங்களே."

அது விடையாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. நவீன்குமார் முன்னால் சாய்ந்தார். "இந்தப் பாலத்தை ஆயிரம் ஊருக்கு எடுத்துட்டுப் போக முடியுமா?"

"அதை எதுக்குச் சாமி எடுத்துட்டுப் போகோணும்? எங்க ஓடையில கெடந்தாப் போதுமுங்க."

"பெருசா யோசிக்க மாட்டேங்கறாங்க" என்று பக்கத்தில் சொல்லிவிட்டு அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

பிறகு பொன்னாயியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். "காத்தால வலி வந்துச்சுங்க. ஆம்புலன்சு அக்கரையில நின்னுச்சுங்க. கட்டல்ல வெச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. தண்ணி இழுத்துருச்சுங்க. அப்பறம் பையன் இல்லீங்க." அவ்வளவுதான் சொன்னாள்.

இன்னொரு நடுவர், பட்டிமன்றப் பேச்சாளர் அமுதவல்லி, பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்ககிட்ட சோகம் இருக்கு. இல்லேன்னு சொல்லலை. ஆனா வெளிப்பாடு பத்தலை. அந்த 'இல்லீங்க'வுக்கு முன்னாடி ஒரு மூச்சு நிறுத்தணும். கண்ணீர் அங்கதான் வரணும். நான் முப்பது வருஷமா மேடையில அழ வைக்கறவ, நல்லதுக்குத்தான் சொல்றேன். எங்கே, இன்னொரு வாட்டி சொல்லுங்க பாக்கலாம்."

பொன்னாயி இன்னொரு வாட்டி சொன்னாள்.

ஆமாம், சொன்னாள். பெரியவர்கள் கேட்டால் சொல்ல வேண்டும் என்று வளர்த்திருக்கிறார்கள். தன் வயிற்றில் சுமந்து, ஓடையில் பறிகொடுத்ததை, மாலை போட்ட ஏழு பேர் முன்னால், மூச்சை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நிறுத்திய இடத்தில் கண்ணீர் வரவில்லை. பத்துக்கு ஆறரை போட்டார்கள். சென்னியம்மாளுக்கு அந்த மேசையையே புரட்டிப்போடலாம் போல இருந்தது. மகளின் வயிறு நினைவுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

ஆடி முதல் வாரம் அறக்கட்டளையில் இருந்து போன் வந்தது. நடுவர் குழு நேரில் ஆய்வுக்கு வருகிறது. ஆனால் ஒரு நடுவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு வெள்ளை ஷூ. பள்ளத்தில் இறங்கி ஏற மாட்டார்கள். அக்கரைக்கு வர ஏற்பாடு இல்லையென்றால் ஆய்வு ரத்து.

ஊர் கூடியது. லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்யும் கருப்பண்ணன் ஒரு யோசனை சொன்னான். பட்டறையில் ஒரு பழைய லாரியின் சேஸ், அதன் இரும்பு அடிச்சட்டம், கிடக்கிறது. வாங்கியவர், ஆடியில் இரும்பு வீட்டுக்கு வரக்கூடாது, ஆவணி பிறந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். முதலாளி கையில் காலில் விழுந்தால் அதுவரைக்கும் இரவல் கிடைக்கும். விழுந்தான், கிடைத்தது. கிரேன் வைத்து ஓடைமேல் குறுக்கே இறக்கி, மேலே பாடிப் பலகையை அடித்து, கைப்பிடிக்குக் கயிறும் கட்டினார்கள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஜனங்கள் ஓடையைக் கால் நனையாமல், குனியாமல், மூச்சு வாங்காமல் கடந்தார்கள். ஒரு கிழவர் சும்மாவே நாலு தடவை போய்வந்தார்.

நடுவர்கள் ஐந்து காரில் வந்தார்கள். வந்ததும் மதியழகன் ஓடையை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணீரே இல்லையே?" என்றார்.

"ஆடியில வராதுங்க. ஐப்பசியில வந்து பாருங்க, யானை நின்னாலும் இழுத்துட்டுப் போயிரும்."

"அதுவரை காத்திருக்க விதியில் இடமில்லை. பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்தால்தான் மார்க் போடமுடியும்."

நவீன்குமார் போன் போட்டார். அரை மணி நேரத்தில் அவர் பள்ளிக்கூடத்தில் இருந்து இரண்டு லாரித் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர். குடங்களோடு ஓடிவந்த பெண்களை, "பிரச்சினையைத் தொடாதீங்க!" என்று வேலையாட்கள் விரட்டினார்கள். அத்தனையையும் ஓடையில் கொட்டினார்கள். மணல் அது பாட்டுக்குக் குடித்தது. கணுக்கால் அளவு நின்ற நேரத்துக்குள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அமுதவல்லி, "தண்ணி ரொம்பத் தெளிவா இருக்கு, பயமே வரலை" என்று இரண்டு மார்க் குறைத்தார்.

பிறகு ஏழு பேரும் சேஸ் மேல் நடந்து அக்கரைக்கு வந்தார்கள். மதியழகன் நடுவில் நின்று காலால் தட்டிப் பார்த்தார். "அடடா, உறுதியான பாலம்" என்றார். பையில் இருந்து தாளை எடுத்து எழுதினார்: ஊரில் பாலம் ஏற்கெனவே உள்ளது. தேவை எழவில்லை.

"ஐயா ஐயா, இது நீங்க வரோணும்னு போட்டதுங்க! இரவலுங்க! ஆவணி பொறந்தா எடுத்துருவாங்க!"

"ஆய்வு நாளில் கண்ணால் கண்டதைத்தான் எழுதமுடியும் அம்மா. அதுதான் நேர்மை."

"அப்ப லாரியில கொண்டாந்து ஊத்துன தண்ணி? அதும் கண்ணுல கண்டதுதானுங்களே?"

"அது செயல்விளக்கம்" என்றார் மதியழகன்.

"அவுங்க வரோணும்னா பாலம் போடோணும். பாலம் போட்டா பாலம் கெடையாது. இந்தக் கூத்துல நம்ம தப்பு எங்கீங்க இருக்குது?" என்று கருப்பண்ணன் அன்றைக்குப் பார்த்தவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆடிக் கடைசியில் விருது விழா. முட்டை நீரூற்றுக்கு முதல் பரிசு. போட்டோ மேடைக்கு இரண்டாவது. யாரும் எதிர்பாராத விதமாக ஓடைக்காட்டுப்புதூருக்கு 'தன்முயற்சிச் சிறப்பு விருது' என்று புதிதாக ஒன்றை அறிவித்தார்கள். சென்னியம்மாள் நாற்காலியில் இருந்து பாதி எழுந்துவிட்டாள். குருமூர்த்தியே ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்த மக்கள் என்னிடம் பாலம் கேட்டார்கள். நான் கொடுத்திருந்தால் அவர்களுக்குப் பாலம் மட்டும்தான் கிடைத்திருக்கும். கொடுக்காததால் தன்னம்பிக்கை கிடைத்தது! நான் ஒன்றுமில்லாமல் தொடங்கியவன். என் அப்பா எனக்குக் கொடுத்தது நாற்பது ஏக்கரும் இரண்டு பண்ணையும்தான். கொடுப்பது எளிது, கொடுக்காமல் இருக்கத்தான் மனது வேண்டும். அந்த மனது எனக்கு நிறைய இருக்கிறது."

மண்டபமே அதிர்ந்தது. அந்தத் தன்னம்பிக்கையைப் போற்றி ஓடைக்கரையில் ஒரு கல்வெட்டு நிறுவப்படும் என்றும் சொன்னார்.

கல்வெட்டு முதலில் ஆறடி என்றுதான் முடிவாகியிருந்தது. மேலே குருமூர்த்தியின் பெயர், கீழே நடுவர்களின் பெயர். மதியழகன் தன் பட்டங்களைச் சேர்க்கச் சொன்னார், ஏழடியானது. அமுதவல்லியின் விருதுகளுக்கு ஒன்றரை அடி. மற்ற நடுவர்கள் சும்மா இருப்பார்களா? கடைசியில் பத்தடி உயரம், மூன்றடி அகலம், மூன்று அங்குலக் கனத்தில் கறுப்புக் கிரானைட். இரு பக்கமும் தாங்க, பதிமூன்றடிக் கல்தூண் இரண்டு. பயனாளிகள் இருக்கும் கரையில்தான் கல்வெட்டு நிற்க வேண்டும் என்பது விதி. ஆவணி முதல் தேதி காலையில் அந்தக் கல்லையும் தூணையும் சேஸ் மேல் ஒவ்வொன்றாகக் கடத்திக் கொண்டுபோய், ஓடையின் விளிம்பிலேயே, ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி நட்டார்கள். மதியம் சேஸ்காரர் வந்து தன் சேஸை எடுத்துக்கொண்டு போனார்.

"பாலம் எங்கீங்க?" என்று சென்னியம்மாள் கொத்தனாரைக் கேட்டாள்.

"எனக்குக் கல்லு நடத்தானுங்க அக்கா சொன்னாங்க."

கல்லின் அடியில், முழங்காலுக்குக் கீழே, பொடி எழுத்தில் 'ஓடைக்காட்டுப்புதூர் மக்கள்' என்று இருந்தது. இடம் பத்தவில்லையாம்.

புரட்டாசியில் வளைகாப்புக்குக் கட்டுச்சோறு ஆக்கிப்போட்டு அன்புச்செல்வியைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கடைசி வாரத்தில் டவுனில் ஒரு ரூம் பிடித்துவிடலாம் என்று சென்னியம்மாள் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். மழை முந்திக்கொண்டது. வலியும் மூன்று வாரம் முந்திக்கொண்டது. ஐப்பசி எட்டாம் தேதி விடிந்ததும் அன்புச்செல்வி, "அம்மா, இடுப்பு கடுக்குது" என்றாள்.

ஓடையில் செம்மண் தண்ணீர் கழுத்தளவு போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரை ரோட்டில் ஆம்புலன்ஸ் வந்து விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வந்துவிட்டார்கள். சென்னியம்மாள் கட்டிலைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள்.

"எறங்காதீங்க." குரல் கொடுத்தது பொன்னாயி. அவள் கையில் கடப்பாரை இருந்தது. யாரையும் கேட்காமல் நேரே போய்க் கல்வெட்டின் அடியில் ஒரு குத்துக் குத்தினாள்.

"ஏம்புள்ள, அது பெரியவங்க கல்லு!" என்று ஒரு கிழவர் பதறினார்.

"ஆமாங்க மாமா. பத்தடி இருக்குது" என்றாள் பொன்னாயி.

ஒரு நொடி எல்லாரும் ஓடையைப் பார்த்தார்கள், கல்லைப் பார்த்தார்கள். அப்புறம் ஊரே பாய்ந்தது. கல்வெட்டைப் பெயர்த்துத் தரையில் கிடத்திவிட்டு, தூண்களின் அடியைத் தோண்டினார்கள். உச்சியில் கயிறு போட்டு முப்பது பேர் பின்னால் இழுத்துப் பிடிக்க, கருப்பண்ணன் நெம்பி ஓடைப்பக்கம் சாய்த்தான். முதல் தூண் மெதுவாகக் குனிந்து எதிர்க்கரையில் போய்த் தலையை வைத்தது. இரண்டாவது அதற்குப் பக்கத்தில். கல்வெட்டைக் கழிகளின் மேல் உருட்டி, தூண்கள் மேல் தள்ளினார்கள். குருமூர்த்தியின் பெயர் முதலில் போனது.

"எழுத்துப் பக்கம் கீழ போகட்டும் அக்கா, வம்பு வந்துரப் போகுது" என்றான் கருப்பண்ணன்.

"மேலயே கெடக்கட்டும்" என்றாள் சென்னியம்மாள். "வளுவளுன்னு இருக்கற பக்கம் வழுக்கிரும். எழுத்து வெட்டியிருந்தாத்தான் கால் புடிக்கும்."

கால் பிடித்தது. கட்டிலில் அன்புச்செல்வி கண்ணை மூடிக்கொண்டு கிடக்க, நாலு பேர் கல்லின் அடியில் இருந்த 'மக்கள்' மேல் கால் வைத்து, ஏழு நடுவர்களையும் பட்டங்களோடு மிதித்து, செம்மலைத் தாண்டி ரோட்டில் ஏறினார்கள். பட்டறைக்காரனுக்கே உரிய வருத்தத்தோடு கருப்பண்ணன் கல்லைப் பார்த்துச் சொன்னான்: "இன்னும் ரெண்டு நடுவர் இருந்திருந்தா, கைப்புடிக்கும் கல்லு வந்திருக்கும்."

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. சென்னியம்மாள் அதைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறை ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் அழுதாள்.

நாலாம் நாள் நவீன்குமார் போட்டோக்காரரோடு ரோட்டில் வந்து இறங்கினார். ஆண்டறிக்கைக்குக் கல்வெட்டுப் படம் வேண்டுமாம். கல்வெட்டு இருக்க வேண்டிய இடத்தில் வானம் இருந்தது. அவர் கீழே பார்த்தார்.

"என்ன அக்கிரமம் இது! எங்க அப்பா பேரு மேல... யாரு செஞ்சது? அது எங்க கல்லு! உடனே எடுங்க!"

அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த சென்னியம்மாள் நிமிர்ந்தாள். "எடுத்துக்குங்க சாமி. உங்க கல்லுதானுங்க. ஆனா தூக்கறதுன்னா இங்க வந்துதான் நெம்போணும். வாங்க."

நவீன்குமார் ஓடையைப் பார்த்தார். தண்ணீர் இன்னும் இடுப்பளவு போய்க்கொண்டிருந்தது. கல்லைப் பார்த்தார். அவர் காலடியில்தான் தொடங்கியது, அப்பாவின் பெயர், முக்கால் அடி உயர எழுத்தில். வெள்ளை ஷூ போட்ட காலை ஒருமுறை தூக்கினார். வைக்க இடம் தெரியாமல் அப்படியே நின்றார்.

"சித்த ஒதுங்குங்க சாமி" என்றது பின்னால் ஒரு குரல். பொன்னாயி. தலையில் மாட்டுக்குச் சோளத்தட்டைக் கட்டு. அவள் அவரைத் தாண்டிக் கல்லின் மேல் ஏறி, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு பெயராக மிதித்து நடந்து ஊருக்குள் போனாள்.